பின்னால போங்க மாமா

மழை பிடித்துக்கொண்டால் எங்கள் ஊர் சிசாபாம்பாவில் நாய்கூடத் தலையை வெளியே நீட்டாது. அப்படியொரு காலையில் நார்சிசா என் கடைக்கு வந்து நின்றாள். எங்கள் பெண்கள் எப்போதும் போடும் தொப்பிகூடத் தலையில் இல்லை. கம்பளிச் சால்வைக்குள் எதையோ பச்சைப்பிள்ளையை அணைப்பதுபோல அணைத்திருந்தாள். வீட்டில் மாமனாரைக் கிடத்தி வைத்திருக்கிறார்கள், மத்தியானம் எடுக்கப்போகிறார்கள், இவளுக்கு இங்கே என்ன வேலை என்று எனக்குச் சுருக்கென்றது.

"எர்மினியாக்கா, இது ஓட மாட்டேங்குது. நீங்கதான் பாக்கணும்" என்று சால்வையை விலக்கி வீடியோ கேமராவை மேசைமேல் வைத்தாள்.

எங்கள் கன்யார் மலையில் ஆம்பளைகள் பாதிப்பேர் நியூயார்க்கில் இருக்கிறார்கள். மீதிப்பேர் போவதற்கு ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். என் பிழைப்பே அதில்தான். டெலிபோன் கூண்டுகள் வைத்திருக்கிறேன், ஒரு டிவி, கேசட்டை நகலெடுக்க ஒரு மெஷின். போனவன் முதலில் டாலர் அனுப்புவான். அப்புறம் கேமரா அனுப்புவான். பாசத்தில் அனுப்பினேன் என்பான். அனுப்பின டாலர் செங்கல்லாக ஆனதா இல்லையா என்று பார்க்கத்தான் அது என்று எனக்குத் தெரியாதா? கல்யாணம், திருவிழா, சாவு எல்லாம் எடுத்து அனுப்புவார்கள். எல்லாவற்றையும்விட அதிகமாக எடுப்பது வீட்டை. சோளக்காட்டு நடுவில் மூன்று மாடி நிற்கும். கீழே ஒரு மூலையில் பெண்டாட்டி படுத்திருப்பாள், மேலே புறா குடும்பம் நடத்தும்.

நார்சிசாவின் புருஷன் அவெலினோ கட்டியதும் அப்படியொரு வீடுதான். அவன் அங்கே கூரை வேய்கிற வேலையில் இருக்கிறான். குடியேற்றக் காகிதம் இல்லாதவன், இங்கே வந்தால் திரும்பிப் போகமுடியாது, அதனால் பெற்ற தகப்பன் செத்தும் வரமுடியவில்லை. தகப்பன் பல்தசார் அந்தப் புது வீட்டில் ஒருநாளும் படுத்ததில்லை. பக்கத்திலேயே பழைய மண்வீட்டில் மூத்த மகள் செராபினாவோடு இருந்தார். புது வீட்டின் மூன்றாம் மாடியிலிருந்து மழை ஈரத்தில் வழுக்கி விழுந்து செத்தார் என்று ஊரில் சொன்னார்கள். மகனுக்கு அதுவும் சொல்லவில்லை. பல்தசாரின் தம்பி ருதெசிந்தோ என் கடைக் கூண்டிலிருந்துதான் பேசினார். நெஞ்சடைப்பு என்றார். கூரைமேல் நின்று வேலை பார்க்கிறவனிடம், உன் அப்பன் மாடியிலிருந்து விழுந்தான் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். அதுவும் நியாயம்தான் என்று நானும் விட்டுவிட்டேன். அவெலினோ கேட்டது ஒன்றே ஒன்று. அடக்கம் முழுவதையும் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

கேமராவைத் திருப்பிப் பார்த்தேன். பக்கத்துத் திரை விரிசல்விட்டு இருண்டு கிடந்தது. கண் வைத்துப் பார்க்கும் துளைக்குள் நீர்த்துளி மாதிரி ஓர் அடையாளம் மினுக்கிக்கொண்டிருந்தது.

"எங்க வச்சிருந்தே இதை?"

"ராத்திரி பூரா மேல் ரூம்ல கெடந்துச்சு. காலைல சமையக்கட்டுக்குக் கொண்டுவந்தேன். சோளம் வேகுறத எடுக்கச் சொல்லுச்சு மதினி."

"குளுருல கெடந்ததக் கொண்டுபோயி ஆவிக்குள்ள வச்சா உள்ளுக்குள்ள வேர்த்துப்போகும் புள்ள. கண்ணாடி போட்டவன் சுடுகஞ்சி குடிக்கிற மாதிரி. ஒண்ணும் கெட்டுப்போகல. கேசட்ட வெளிய எடுத்துட்டு வாயத் தொறந்து வை, காஞ்சிரும். அடுப்புப் பக்கம் கொண்டு போயிராத."

"நேரம் ஆவுமா?"

"ஆவும். உக்காரு. இந்தத் திரை எப்படி ஒடஞ்சுது?"

"விழுந்துருச்சு" என்றாள்.

காய்கிறவரை சும்மா இருப்பானேன் என்று பாடம் நடத்தினேன். ஊரிலுள்ள கேமராக்கள் எல்லாம் என் மேசைக்கு ஒருதரமாவது நோயாளியாக வந்திருக்கின்றன, அதில் கற்றதுதான். பாட்டரியைக் குளிரில் விடாதே, மார்புக்குள் செருகி வை. படத்தில் கட்டம் கட்டமாக வந்தால் உள்ளே சிமெண்டுத் தூசி ஏறிவிட்டது என்று அர்த்தம். நீளமாக எடுக்காதே, கொஞ்சம் கொஞ்சமாக எடு. கட்டைவிரலால் ஒருதரம் அமுக்கினால் ஓடும், மறுதரம் அமுக்கினால் நிற்கும். முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தால் ஓடுகிறது.

"உள்ளே எழுத்து வருமே, அதப் பாத்துக்க."

"குண்டூசித் தலை அளவுல எழுதியிருக்கு. அதுவும் இங்கிலீசு. எனக்கு விளக்குதான்க்கா கணக்கு."

"சரி, விளக்கையே பாரு. போதும்."

துளி அடையாளம் போனபிறகு கேசட்டைப் போட்டு அவளைப் பார்த்துப் பிடித்தேன். துளைக்குள் அவள் மூக்கு மட்டும்தான் தெரிந்தது.

"என்ன புள்ள, இப்படி முகத்துமேல ஏறி நிக்குது? குமிழத் தள்ளவே மாட்டியா?"

"எந்தக் குமிழு?"

மேலே விரல்படும் இடத்தில் இருந்தது. சிமெண்டுத் தூசி அப்பிக் கல்லாகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டிவிட்டு அவள் கண்ணைத் துளையில் வைக்கச் சொல்லி, அவள் விரலைப் பிடித்துத் தள்ளினேன். முதலில் என் வாய், அப்புறம் முகம், அப்புறம் நான், காலண்டர், டெலிபோன் கூண்டுகள், மழை பெய்யும் வாசல், எல்லாம் உள்ளே வந்திருக்கும். அவள் கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"அப்ப ஆளப் பின்னால போகச் சொல்ல வேண்டாமா?"

"எதுக்குச் சொல்லணும்? ஆளு நின்ன எடத்துலயே நிக்கட்டும். உன் வெரலு போனா போதாதா?"

நார்சிசா சோள மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு அவள் பேச ஆரம்பித்ததும் எல்லாம் பிடிபட்டது. பிடிபடாமலே இருந்திருக்கலாம்.

"வந்த நாள்லருந்தே இது இப்படித்தான்க்கா. எல்லாரும் பெருசாத்தான் தெரிவாக. நான் எட்டப் போயி நின்னு எடுப்பேன். திருவிழாவுல சோளக்காட்டுக்குள்ள போயி நின்னு எடுத்தேன், பாத்துருப்பீங்க."

பார்த்திருக்கிறேன். அவள் எடுத்த படத்தில் எல்லாரும் அடுத்த ஊரில் நின்று ஆடுவது மாதிரித்தான் இருக்கும். சத்தமே கேட்காது. கேலிகூடச் செய்திருக்கிறேன்.

"அன்னிக்கு அவுக போன்ல சொன்னாக. மேல்மாடித் தளம் தெரியணும், வளைவு சன்னல் தெரியணும், நடுவுல அப்பா நிக்கணும், எல்லாம் ஒரே படத்துல வரணும்னு. மாமாவுக்கு மேல ஏறவே பிடிக்கல. புதுத் தொப்பியப் போட்டுக்கிட்டு வந்தாரு, மகனுக்காக. எப்பவும் நான்தான் பின்னால போவேன். அன்னிக்கு எனக்குப் பின்னால சொவரு. அதான்... பின்னால போங்க மாமான்னேன். போனாரு. முகம் மட்டுந்தான் தெரிஞ்சுது. இன்னுங் கொஞ்சம் பின்னாலன்னேன். அவரு சிரிச்சுக்கிட்டே போனாரு. துளைக்குள்ள பாத்துக்கிட்டே இருந்தேன். திடீர்னு ஒண்ணுமே இல்ல. வெறும் மேகம்."

கைப்பிடிச்சுவர் அங்கே இல்லை. அதற்கான கடைந்த தூண்கள் குவயாகீல் பட்டணத்திலிருந்து வரட்டும் என்று அவெலினோ நிறுத்தி வைத்திருந்தான்.

"யாருக்குத் தெரியும் இது?"

"மதினி கீழ நின்னுச்சு. நான் சொன்னது காதுல விழுந்துருச்சு. சின்ன மாமாகிட்டச் சொல்லிருச்சு. அந்தக் கேசட்ட அடுப்புல போட்டுருச்சு. தம்பிகிட்ட நான் சொல்லமாட்டேன், ஆனா நீ ஒழுங்கா இருந்துக்கன்னுச்சு. அவுகளுக்குத் தெரிஞ்சா என்னைய வச்சிருப்பாகளாக்கா?"

ஒன்றுமில்லாததற்கே அங்கே வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டு, இங்கே இருப்பவளை ஒரு போனில் தீர்த்துவிட்ட ஆம்பளைகளை என் கூண்டுகள் நிறையப் பார்த்திருக்கின்றன. "போ, எடுத்து முடி" என்றுதான் சொன்னேன். அவளோடு நானும் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன்.

சாவு வீட்டில் கூட்டம். ஆம்பளைகள் பெட்டிக்குப் பக்கத்தில் எலும்புப் பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள், அது எங்கள் வழக்கம். தோற்றவன் முகத்தில் கரி பூசி, "பல்தசாரு, எழுந்திருச்சுப் பாரு, உன்னையவிட அசிங்கமா ஒருத்தன் இருக்கான்" என்று சிரித்தார்கள். பெண்கள் அவித்த சோளத்தையும் உருளைக்கிழங்கையும் பாய்மேல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அடுப்படியில் வளர்ந்த கினிப்பன்றிகள் வரிசையாகக் கம்பியில் வெந்தன. எல்லாருடைய சிவப்புச் சால்வையும் உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டிருந்தது. எங்கள் ஊரில் பிணத்தின் முன்னால் சிவப்பு ஆகாது, செத்தவர் வழியை விட்டுவிட்டு அதைப் பார்த்துத் திரும்பிவிடுவார் என்பார்கள்.

நார்சிசா கேமராவைத் தூக்கிப் பொத்தானை அமுக்கியதும் செராபினா வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அந்த மனுஷரைக் குளிப்பாட்டிச் சோறு போட்டவள் அவள்தான், அதை நான் மறைக்க மாட்டேன்.

"அதென்ன செவப்பா முழிக்குது? எங்கப்பன் முகத்துக்கு நேரா செவப்பக் காட்டப்போறியா? இன்னும் என்ன பாக்கி வச்சிருக்கே அவருக்கு?"

"அது எரிஞ்சாத்தான் மதினி ஓடுதுன்னு தெரியும்."

"ஓடுனது போதும். பிடி நல்லா" என்று கறுப்பு ஒட்டுநாடாவைக் கடித்துக் கிழித்து விளக்கின்மேல் அழுத்தி ஒட்டினாள். நார்சிசா இரண்டு கையாலும் கேமராவை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் முறைப்படி நடந்தது. ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றிவிட்டு கேமராவின் முன் வந்து நின்று நியூயார்க்கைப் பார்த்துப் பேசினார்கள். ருதெசிந்தோ கரும்புச் சாராயத்தின் துணையோடு ஒரு பிரசங்கமே செய்தார். "மகனே அவெலினோ, உங்கப்பன் ராசா மாதிரிப் படுத்திருக்கான் பாரு. நெஞ்சடைப்புல சிரமப்படாமப் போனான்" என்றபோது குரல் உடைந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர், "தம்பி, அங்க என் மகன எங்கயாச்சும் பாத்தா அவன் அம்மாவுக்கு ஒரு போன் போடச் சொல்லு. திட்ட மாட்டோம்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு ஓரமாய்ப் போய் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொருவர் முடித்ததும் நார்சிசா கட்டைவிரலை அமுக்கி, கேமராவைக் கழுத்துவாரில் தொங்கவிட்டுக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். பெட்டியைத் தூக்கியபோது எடுத்தாள். சேற்றில் சறுக்கிச் சறுக்கி முன்னால் ஓடி எடுத்தாள். மண் போட்டபோது எடுத்தாள். அவள் அழுததை யாரும் எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் முறைப்படி செத்தவர் துணியை ஆற்றில் அலசிவிட்டு, அந்த ஈரக்கையோடே நார்சிசா, செராபினா, ருதெசிந்தோ மூன்று பேரும் என் கடைக்கு வந்தார்கள். கேசட்டைப் பார்த்துவிட்டு நகலெடுத்து அனுப்பவேண்டும். டிவியில் போட்டேன்.

முதலில் வந்தது செராபினாவின் வீங்கின முகம், அப்புறம் அவள் விரல். கறுப்பு நாடாவோடு கிட்டே வந்தது. "ஓடுனது போதும். பிடி நல்லா" என்றது டிவி. அப்புறம் படம் தலைகீழாகத் தொங்கியது. தரை, சேறு, பாவாடை ஓரம், ஒரு கோழி. அடுத்து அடுப்படி. சோளப்பானையின் அடி. மறுபடியும் சேறு, செருப்புகள், ஆடிக்கொண்டே போகும் புல். பெட்டி எங்கே, பல்தசார் முகம் எங்கே, பிரசங்கம் எங்கே? எதுவும் இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. நாடா ஒட்டுகிறபோது இறுகப் பிடித்த கட்டைவிரல் பொத்தானை மறுபடி அமுக்கி ஓட்டத்தை நிறுத்தியிருக்கிறது. விளக்கு அணைந்ததை நாடா மூடிவிட்டது. அதற்கப்புறம் அவள் ஓடவிட்டதாக நினைத்தபோதெல்லாம் நிறுத்தியிருக்கிறாள், நிறுத்தியதாக நினைத்தபோதெல்லாம் ஓடியிருக்கிறது. நடுவில் ஒருதரம்கூடக் கணக்குத் தப்பவில்லை.

படம்தான் இப்படி, சத்தம் தெளிவாக இருந்தது. அடுப்படியில் செராபினாவின் குரல்.

"அழு, நல்லா அழு. பின்னால போ, பின்னால போன்னு குழிக்குள்ள அனுப்பிட்டு இப்ப அழு."

"எனக்குத் தெரியல மதினி."

"வீட்டுச் சாவியக் குடு. இனிமே அது என் இடுப்புல இருக்கட்டும். நான் வாயத் தொறந்தா நீ எங்க போயி நிப்பேன்னு தெரியுமில்ல?"

ருதெசிந்தோவின் குரல்: "ஏய், மெதுவாப் பேசு செராபினா. நெஞ்சடைப்பு. எல்லாருக்கும் ஞாபகம் இருக்கட்டும், நெஞ்சடைப்பு."

அப்புறம் சோளம் கொதிக்கும் சத்தம். நான் டிவியை அணைத்தேன்.

"இத அனுப்ப முடியாது" என்றாள் செராபினா.

"பின்ன என்ன அனுப்புறது? அவன் தெனம் கேக்குறான்" என்றார் ருதெசிந்தோ. "இன்னொருதரம் எடுத்துருவோம். தச்சன்கிட்டக் காலிப்பெட்டி ஒண்ணு கெடக்கு. வேணும்னா நான் படுத்துக்குறேன். எனக்கும் அண்ணனுக்கும் ஒரே மூக்கு. கன்னத்துல பஞ்சு வச்சா யாரு கண்டா?"

"உங்க மூக்கு செவந்து கெடக்கு சித்தப்பா, பொணத்துக்கு ஆகாது. மூடி போட்டே எடுப்போம். ஊரக் கூப்புட்டா வரும், சோறு போட்டாப் போதும். பிரசங்கத்த மறந்துறலியே?"

"அது எப்படி மறக்கும்? இந்தத் தடவை இன்னும் நல்லா வரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அதுதான் கேவலம். நார்சிசா ஆற்றுநீர் சொட்டும் பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"திரும்ப ஒருதரம் நான் அழணுமா மதினி?"

"மொதத் தடவை நீ அழுதது பத்தல. இப்ப அழுதாத்தான் என்ன? எர்மினியாக்காவ எடுக்கச் சொல்லு. உன் கையில இனிமே அதக் குடுக்கக்கூடாது."

நார்சிசா பாவாடையை விட்டுவிட்டு எழுந்தாள்.

"அக்கா, அவுக நம்பரப் போடுங்க. நீங்களும் கூண்டுக்குள்ள வாங்க. ஒரு ஆளு கேக்கணும்."

செராபினா வழிமறிக்கப் பார்த்தாள். நான் நடுவில் புகுந்தேன். எனக்கு உடம்பு கொஞ்சம் அகலம், அன்றைக்கு அது உபயோகப்பட்டது. கூண்டுக் கதவைச் சாத்தினேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இரண்டு பேரும் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை, அவன் அறையில்தான் இருந்தான். எங்கள் டெலிபோனில் பேசுகிறவன் பக்கத்தில் நின்று கத்துகிற மாதிரித்தான் கேட்கும்.

"அனுப்பிட்டியா?" என்றான், எடுத்த எடுப்பில்.

"இல்ல. ஒண்ணு சொல்லணும். மாமாவுக்கு நெஞ்சடைப்பு இல்ல. மேல்மாடியிலருந்து விழுந்தாரு. படத்துல அடங்கலன்னு நான்தான் பின்னால போங்க மாமான்னு சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன்."

நார்சிசாவின் கை என் மணிக்கட்டை நெரித்தது. இனி கத்துவான், வைத்துவிடுவான், எல்லாம் முடிந்தது என்று நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"அக்கா அன்னிக்கே டவுனுக்குப் போயி போன் பண்ணிச் சொல்லிருச்சு. எனக்குத் தெரியும்ங்கறத உன்கிட்டச் சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன். நீயா சொல்றியா இல்லையான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவள் கை என் மணிக்கட்டை விட்டது. இத்தனை நாளும் அவள் சோறு தின்னாமல், அந்தச் சாவியைக் கொடுத்துவிட்டு, நாத்தனார் காலடியில் கிடந்தாளே, அது அத்தனையும் இவனுக்குப் பரீட்சையாம். எனக்கு அந்த ரிசீவரைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல நாக்கு துடித்தது. கேட்க வேண்டியிருக்கவில்லை.

"பாத்துக்கிட்டு இருந்தியா?" என்றாள் நார்சிசா. குரல் உயரவே இல்லை. "அங்கருந்து பாக்குறதுதான உனக்கு வேல. தளம் தெரியணும், சன்னல் தெரியணும், நடுவுல அப்பா தெரியணும்னு சொன்னது யாரு? தூணு வரட்டும்னு கைப்பிடிச்சொவர நிறுத்தி வச்சது யாரு? நான் பின்னால போங்கன்னு சொன்னேன். நீயுந்தான் சொன்னே. உனக்கு முன்னால நிக்கத்தான் அவரு தொப்பி போட்டுக்கிட்டு வந்தாரு. என் பங்க நான் சாகுறவரைக்கும் சொமப்பேன். உன் பங்க என் தலையில ஏத்தாத."

"நார்சிசா..."

"படம் இல்ல. அடக்கம் ஒண்ணுகூட விழல. அப்பா மொகம் இல்ல. சித்தப்பா பெட்டிக்குள்ள படுக்குறேங்குறாரு, வேணும்னா அதப் பாரு."

அவன் அழ ஆரம்பித்தான். ஆம்பளை அழுகை, அடக்கி அடக்கி, விக்கல் எடுக்கிற மாதிரி. செய்தி கேட்ட அன்றுகூட அவன் அப்படி அழவில்லை. இங்கே ஊரே கூடி அழுதபோது அவன் அங்கே யாரோ ஒருத்தர் வீட்டுக் கூரையில் ஆணி அடித்துக்கொண்டிருந்திருப்பான். எனக்கு அவன்மேலும் பரிதாபம் வந்துவிட்டது, என்ன செய்வது. நார்சிசா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

கூண்டுக் கதவைத் திறந்து, ரிசீவரை ஒயர் எட்டுகிற மட்டும் இழுத்து, செராபினாவின் கையில் வைத்தாள்.

"உங்க தம்பி அழுறாரு மதினி. பேசுங்க. உங்களுக்குத்தான அவருகிட்டப் பேசிப் பழக்கம்."

செராபினா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். அக்கா, அக்கா என்று அந்தப்பக்கம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ருதெசிந்தோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நார்சிசா ஈரப்பாவாடையோடு வாசலில் இறங்கி, வீட்டுப்பக்கம் திரும்பாமல், அவள் அம்மா ஊருக்குப் பஸ் வருகிற திசையில் நடந்தாள்.